அக்கா மகளும் பதினோராம் குரோமோசோமும்

தருமபுரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு மரபியல் எடுக்கும்போது, "யார் வீட்டில் சொந்தத்திலேயே கல்யாணம் நடந்திருக்கிறது?" என்று கேட்பேன். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை என்று எல்லா ஊர்க் கைகளும் உயரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 28 பேர் உறவில் மணந்தவர்கள். சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்கு மரபுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்று நான் சொன்னதுமே, "எங்க வம்சத்துல யாருக்குமே நோயில்லையே சார்?" என்ற கேள்வியும் தவறாமல் வரும்.

நியாயமான கேள்விதான். நம் செல்லில் 46 குரோமோசோம்கள். அம்மா கொடுத்தது 23, அப்பா கொடுத்தது 23. ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஹீமோகுளோபினின் ஒரு பாதியான பீட்டா குளோபினுக்கு உரிய மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அவர் நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்வார். மிஞ்சிப்போனால் ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டுமே பழுதானால் தலசீமியா. அந்தக் குழந்தை இரண்டு வயதுக்குள்ளேயே வெளுத்துச் சோர்ந்துபோகும். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

சரி, பழுது எப்படி ஜோடி சேருகிறது? ஒரு பாட்டியிடம் பழுதான பிரதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருமுட்டை உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் பிரிந்து, ஒன்றுதான் உள்ளே போகும். ஆக மகனுக்கு அது வர வாய்ப்பு 1/2. மகளுக்கும் 1/2, மகள் வயிற்றுப் பேத்திக்கு 1/4. தாய்மாமனுக்கே அந்தப் பேத்தியைக் கொடுத்தால், இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு 1/8. இருவரும் அதையே குழந்தைக்குக் கொடுக்க வாய்ப்பு 1/4. மொத்தம் 1/32. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 1/64. பேத்தி வெளியே கட்டிக்கொண்டு, அந்த ஊரில் நூற்றில் ஒருவரிடம் பழுது இருந்தால் 1/1600.

32இல் 31 தப்பித்துவிடுகிறதே! அதனால்தான் பழுது தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வருகிறது. வம்சத்தில் யாருக்கும் நோய் தெரிவதில்லை.

மாணவர்கள் வாயடைத்துப்போகும் இடம் இன்னொன்று. பெரியப்பா மகள் நமக்குத் தங்கை, அத்தை மகள் முறைப்பெண். ஆனால் இருவரிடமும் நம்மோடு பொதுவாக இருக்கும் மரபணுப் பங்கு ஒன்றே: சராசரியாக எட்டில் ஒன்று. தமிழோ தெலுங்கோ கன்னடமோ, நாம் வகுத்த முறை குரோமோசோமுக்குத் தெரியாது.

தலசீமியாப் பழுதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஹீமோகுளோபினில் ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகிப்பார்கள். நிச்சயத்துக்கு முன்பே இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. கல்யாணமாகி இருவரிடமும் பழுது தெரிந்தாலும் வழி இருக்கிறது: கர்ப்பத்தின் 11ஆம் வாரத்தை ஒட்டி நச்சுக்கொடித் திசுவில் துளி எடுத்து, குழந்தைக்கு எந்தப் பிரதிகள் வந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.