"நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க?"

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற அம்மா ஒருவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். வெறும் வயிற்றில் 98 என்று ரிப்போர்ட் வந்த அன்று "நார்மல்மா" என்று சொல்லி அனுப்பினேன். நாலு மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கால் கட்டைவிரலில் புண். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருக்கிறார். "நார்மல்னு நீங்கதானே சாமி சொன்னீங்க? அப்புறம் எதுக்கு மாத்திரை?"

திட்ட வாய் வரவில்லை.

கடலூரில் பள்ளிக்கூடம் போகாதவர்கூட ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல் இது. ஹோட்டலில் "தண்ணி நார்மலா, கூலிங்கா?" என்றால் ஐஸ் போடாதது. பிரசவத்தில் நார்மல் என்றால் ஆபரேஷன் இல்லை. அந்த அம்மாவின் காதில் அது "நோய் போச்சு" என்று விழுந்திருக்கிறது. (நாங்கள் டிரிப்ஸில் ஏற்றும் நார்மல் சலைன் என்ற உப்புநீரில், ரத்தத்தில் இருப்பதைவிடச் சோடியம் அதிகம். பெயரில் மட்டும்தான் நார்மல்!)

லத்தீனில் 'நார்மா' என்றால் தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டம். உடம்பை அப்படி மட்டம் வைத்துப் பார்க்க முடியாது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் அளவுகளில் பல, நோயில்லாத 100 பேரில் 95 பேருக்கு இருப்பவை. மீதி 5 பேர் நன்றாக இருந்தும் தடித்த எழுத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டு வருவார்கள்.

சர்க்கரையின் கணக்கு வேறு. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே நார்மல், 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்பதெல்லாம் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு. மாத்திரை சாப்பிடுபவருக்கு 98 வந்தால் மாத்திரை வேலை செய்கிறது, அவ்வளவுதான். 'மூணு மாச சுகர்' (HbA1c, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தால் இதற்கு நேர் எதிர்: 5.7-க்குக் கீழே என்று அச்சிட்டிருக்கும், தனக்கு 6.8 என்று பயந்து வருவார்கள். சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு 7-க்குக் கீழே இருந்தாலே எங்களுக்குத் திருப்தி.

டாக்டர் நார்மல் என்றால் எழுந்துவிடாதீர்கள். "மாத்திரையோட நார்மலா, மாத்திரை இல்லாமலே நார்மலா?" என்று கேளுங்கள். அவசரத்தில் நாங்கள் முழுங்கிவிடுவது அந்தப் பாதியைத்தான்.

அந்த அம்மாவின் விரல் ஆற ஏழு வாரம் ஆனது. இப்போது எண்ணுக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதித் தருகிறேன்: 'மாத்திரையோடு 104.'