சாமி வரவில்லை, சர்க்கரை இறங்கியிருந்தது

சில வருஷத்துக்கு முன்னால், சித்ரா பௌர்ணமியை ஒட்டி, கோவைக்குப் பக்கத்தில் ஏழு மலை தாண்டிப் போகிற வெள்ளியங்கிரி ஏறிக்கொண்டிருந்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஐந்தாவது மலை தாண்டியதும் பாதையோரம் ஒரு பெரியவர் மூங்கில் தடியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. சுற்றி நின்ற கூட்டம் கும்பிட்டுக்கொண்டிருந்தது. "சாமி வந்துருச்சுங்க, தொட்டுராதீங்க" என்றார் ஒருவர்.

அந்தக் குளிர்காற்றில் நின்றுகொண்டிருக்கிற மனிதருக்கு அப்படி வேர்க்கக் கூடாது. கூட வந்த மருமகனிடம் விசாரித்தேன். "எம்பட மாமனுங்க. ரெண்டு நாளா ஒருசந்திங்க. சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாம போட்டுட்டாருங்க."

ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம். என் பையில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் இருந்தது. 46 காட்டியது, ரொம்பக் குறைவு. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, நாட்டுச்சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏனப்பா, எல்லாரும் என்னையவே பாக்கறீங்க?" என்று கேட்டார். மேலே போயே தீருவேன் என்றவரைக் கீழே திருப்பிவிடத்தான் படாதபாடு பட்டோம். சில மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நிற்கும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம்.

ஒருவேளை அவர் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு, கீழே கொண்டுபோக வழி பார்க்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் ஆளுக்கொரு சோடா பாட்டிலோடு நாலு பேர் தயாராக இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அன்பு இருந்தது. பழக்கம்தான் இல்லை.

பழக்கம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஸ்கி பேட்ரோல், அதாவது பனிச்சறுக்கு மலைகளில் சுற்றி வரும் ரோந்துக்குழு. 1936-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சார்லஸ் மைனாட் டோல் என்பவர் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். (பெயர் டோல்தான். நம் டோலிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை!) மலையில் உதவிக்கு ஒரு ஏற்பாடும் கிடையாது. நண்பர்கள் ஒரு கூரைத் தகரத்தில் படுக்கவைத்து அவரை இழுத்து வந்தார்கள். அந்த நண்பர்களில் ஒருவர் சில வாரங்களிலேயே ஒரு பனிச்சறுக்குப் போட்டியில் அடிபட்டு இறந்துபோனார். டோல் அதோடு சும்மா இருக்கவில்லை. 1938-இல் அமெரிக்காவின் தேசிய ஸ்கி பேட்ரோல் அமைப்பு அவர் தலைமையில் உருவானது. இன்று முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பயிற்சிக் கட்டணமும் பெரும்பாலும் தங்கள் கைக்காசுதான். நம் ஊர் காவடிக் குழுக்களைப் போலத்தான்.

அவர்கள் படிப்பது ஒருநாள் முகாம் அல்ல. மலையில் செய்யும் அவசர முதலுதவிக்கென்றே தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. முடிக்க எண்பது, நூறு மணி நேரம் ஆகும். வகுப்பறையில் கட்டுப்போடக் கற்றுக்கொண்டவர், அதையே பனியில் மண்டியிட்டு, காற்றடிக்கும்போது செய்துகாட்ட வேண்டும். அடிபட்டவரைச் சறுக்கு வண்டியில் இறக்குவது தனிப் பயிற்சி: முன்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் திருப்புவார், செங்குத்தான இடத்தில் பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து வேகத்தைக் கட்டுவார். பனிச்சரிவு அபாயம் உள்ள இடத்துக்குத் தன் பாதுகாப்பைப் பார்க்காமல் ஓடக் கூடாது என்பதும் பாடம்தான். வெள்ளியங்கிரி அடிவாரத்துப் போளுவாம்பட்டிக் காட்டில் யானை நிற்கும் பாதைக்கும் இது பொருந்தும்.

காலையில் கூட்டம் வரும் முன்னரே மலையைச் சுற்றி வந்து, ஆபத்தான இடங்களில் மூங்கில் கழி நட்டு அடையாளம் வைப்பார்கள். ஆமாம், அங்கேயும் மூங்கில்தான். பொழுது சாயும்போது ஒவ்வொரு சரிவாக இறங்கி, யாரும் பின்தங்கி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். நமக்கு ஏழு மலையில் ஏற ஆள் இருக்கிறது. கடைசி ஆள் இறங்கிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே வருகிற குழு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் பொறாமைப்படுவது அவர்களுடைய மறுபயிற்சியைப் பார்த்துத்தான். வருஷா வருஷம் பாடத்தில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்துகாட்ட வேண்டும். மூன்று வருஷத்தில் முழுப் பாடமும் ஒரு சுற்று வந்துவிடும். சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் முதலுதவி, கற்றவர்கள் கைப்பழக்கம் இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே தடுமாறுவார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆலாந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நானே ஒருநாள் முகாம் நடத்தினேன். மின்விசிறிக்கு அடியில் பொம்மை, மதியம் சாப்பாடு, கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும். அடுத்த வருஷம் அதே பையன்களைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னேன். நெஞ்சின் நடுவில், இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை என்று சரியாகச் செய்தவர்கள் நாலைந்து பேர்தான். குறை அவர்களுடையது அல்ல, முகாம் நடத்திய என்னுடையது.

இப்போது பிப்ரவரியில் மலைப்பாதை திறப்பதற்கு முன்பே கூடுகிறோம். மண்டபத்தில் இல்லை, அடிவாரத்துச் சரிவில். அன்னதானக் குழுப் பையன்கள், டோலி தூக்குகிறவர்கள், தடி விற்கிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். அதிக நேரம் எடுப்பது மாரடைப்புக்குத்தான். "வாய்வுங்க, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்கிற பேச்சு மலையில் ஆளைக் கொல்லும். ஏறும்போது நெஞ்சு அழுத்தி, தாடைக்கோ கைக்கோ வலி பரவி, வேர்த்தால் அந்த இடத்திலேயே உட்காரவைக்க வேண்டும். மேலேயும் நடத்தக் கூடாது, கீழேயும் நடத்தக் கூடாது. நினைவு இருந்து, ஒவ்வாமையோ ரத்தப்போக்குக் கோளாறோ இல்லையென்றால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் கொடுத்து, கடித்து மென்று விழுங்கச் சொல்லலாம். அப்புறம் டோலி. தகவல் அனுப்பும்போது "ஆறாவது மலை" என்றால் போதாது, ஆண்டி சுனைக்கு மேலேயா கீழேயா என்று சொல்ல வேண்டும்.

போன தடவை டோலி தூக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "டாக்டருங்களே, எறக்கிட்டு வரும்போதே நெஞ்ச அமுக்கலாமுங்களா?"

செய்து பார்த்தோம். பொம்மையை டோலியில் வைத்து, நாலு பேர் தூக்க, நான் பக்கத்தில் நடந்துகொண்டே அமுக்கினேன். பத்தடி போவதற்குள் கை நழுவி, பொம்மை தொங்க, எல்லாரும் சிரித்துவிட்டோம். தூக்கிக்கொண்டே ஒழுங்காக அமுக்க முடியாது. சமதரையில் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் அமுக்கத்தான் வேண்டும்.

"அப்ப சமதரை எங்கெங்க இருக்குதுன்னு தெரியோணுமுங்க" என்றவர், ஏழாவது மலையில் ஆரம்பித்து முதல் மலையின் வெள்ளை விநாயகர் கோயில் வரை, ஓர் ஆளைக் கால் நீட்டிப் படுக்கவைக்க இடமுள்ள இடங்களை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினொன்று.