பழவேற்காட்டுக்குச் சைக்கிளில் கிளம்பும் முன்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் திங்கட்கிழமைகளில் ஒரு தனிக் கூட்டம் சேரும். ஞாயிறன்று சென்னையிலிருந்து பழவேற்காடு ஏரி வரை சைக்கிள் மிதித்துத் திரும்பியவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாதை அப்படி. செங்குன்றம், தச்சூர் கூட்டுரோடு வழியாகப் பொன்னேரி வரைக்கும்தான் லாரித் தொல்லை. அதற்கு மேல் திருப்பாலைவனம் வழியாக வயல்கள், கொக்குகள், உப்புக் காற்று. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சமும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களது கல்லறைத் தோட்டமும் பார்க்கலாம்.

போக மட்டும் 55 முதல் 60 கி.மீ. மேம்பாலங்களை விட்டால் மேடே கிடையாது. ‘சமதரைதானே’ என்று கிளம்பிவிடுகிறார்கள், சிக்கலும் அங்கேதான். இறக்கம் இருந்தால் நடுநடுவே காலுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே முழு நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 70 சுற்று என்றாலும் ஒரு மணி நேரத்தில் முட்டி 4,200 தடவை மடங்கி நீள்கிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் கை வைத்துக் காட்டுவது முட்டிச் சில்லைச் சுற்றி. சைக்கிளையும் கொண்டுவரச் சொல்வேன். பார்த்தால் சீட் தாழ்ந்திருக்கும். சிக்னலில் நின்றால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று அப்படி வைத்திருப்பார்கள். கடைக்குப் போய்வர அது சரி. நாள் முழுக்க மிதிக்கும்போது முட்டி அளவுக்கு மேல் மடங்கி, சில்லு தொடை எலும்போடு அழுந்திக்கொண்டே இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இனி முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கும், 25 முதல் 35 டிகிரி. அதுதான் சரியான உயரம். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ, முட்டிக்குப் பின்னால் வலித்தாலோ சீட் அதிகமாக ஏறிவிட்டது. அப்புறம், இந்த மாற்றத்தைப் பயணத்துக்கு முதல் நாள் இரவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்னாலேயே மாற்றிப் பழகுங்கள்.

இன்னொரு புகார், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது. அந்த விரல்களுக்கான நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதி வழியாகப் போகிறது. உடம்பின் பாரத்தை ஹேண்டில்பாரில் சாய்த்து மணிக்கணக்கில் ஓட்டினால் நரம்பு நசுங்கும். முழங்கையை லேசாக மடக்கி வைத்து, கை பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். மெத்தை வைத்த கையுறையும் உதவும். கூச்சத்தில் யாரும் வாய் திறக்காத இடமும் ஒன்று உண்டு. தொடை நடுவே மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நில்லுங்கள்.

விடியும் முன் கிளம்புவது நல்லது. வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பொன்னேரிக்கு மேல் காற்று எதிரேதான் வரும், வெயில் ஏற ஏற அது இன்னும் கனக்கும். திரும்பும்போது தள்ளிவிடும் என்று நம்பி ஏரிக்கரையில் சாயங்காலம் வரை உட்கார வேண்டாம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மிச்சமிருப்பது லாரி ஓடும் நெடுஞ்சாலை. மதியம் இரண்டரைக்குள் கிளம்புங்கள், முன்னும் பின்னும் விளக்கோடு.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டராவது போக வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புப் போட்ட மோர் போதும். ஓஆர்எஸ் என்றால் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரையுங்கள், பாதியாகப் பிரிக்காதீர்கள். வெயிலில் கூட வருபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

முட்டி வழியிலேயே வீங்கினால் மிதித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) பிடித்து சைக்கிளை ஏற்றிவிடுங்கள். விரல் மரப்பு ஓரிரு நாளில் போகவில்லை, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது என்றால் அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.