மழை மலையை எப்படி நகர்த்துகிறது?

நிலவியல் பொறியியலில் முதலாமாண்டை முடித்திருக்கும் வாசகர் ஒருவர், பாதி சலிப்பும் பாதி ஆர்வமுமாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பாறைகளைப் படிக்கலாம் என்று சேர்ந்தவருக்கு, அடுத்த ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் பாறையைவிட நீரே அதிகமாகத் தென்படுகிறதாம். “மழைநீர் மண்ணடுக்குகளுக்கிடையே புகுந்து எண்ணெய் போல வழுக்க வைக்கிறது, அதனால் மலைச்சரிவு நகர்கிறது. இதைப் புரிந்துகொள்ள இத்தனை தாள்கள் வேண்டுமா?” என்று கேட்கிறார். தாள்களின் எண்ணிக்கை பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் அவருடைய முதல் வாக்கியம் தவறானது. அது ஏன் தவறு என்று விளக்கத்தான் அந்தத் தாள்களில் பாதி இருக்கின்றன.

பாடத்திட்டத்தின் மற்ற பகுதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். கனிமவியலும் கட்டமைப்பு நிலவியலும் ஒரு பாறை எப்படி உருவாயிற்று, எப்படி மடிந்தது, எங்கே பிளந்தது என்று சொல்லித்தருகின்றன. அந்தப் பாறையை வெட்டினால், குடைந்தால், அதன்மேல் அணை கட்டினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்பவை பாறை இயந்திரவியலும் மண் இயந்திரவியலும். இந்த இரண்டையும் இணைக்கும் ஒரே ஒரு கழித்தல் கணக்கைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

வழுக்கல் விளக்கத்தில் எளிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒரு பரப்பை வழுக்க வைக்க மெல்லிய நீர்ப்படலமே போதும். மழை பெய்யும் நிலங்களில் மேல்மண்ணுக்குக் கீழே அந்த ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. அப்படியானால் சரிவு ஏன் கனமழைக்காகக் காத்திருக்க வேண்டும்? மண் இயந்திரவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1950-இல் இந்த வாதத்தை முன்வைத்தார். குவார்ட்சு போன்ற கனிமங்களின் பரப்பில் நீர் உராய்வைக் குறைப்பதே இல்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

வேறு என்னதான் நடக்கிறது? பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு கிடைத்தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் ஈரமண்ணின் எடை ஏறத்தாழ 20 கிலோநியூட்டன். ஆகவே அந்தத் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 200 கிலோநியூட்டன் எடை அழுத்துகிறது. நிலத்தடி நீர்மட்டம் அந்தத் தளத்துக்குக் கீழே இருந்தால் இந்த எடை முழுவதையும் மணிகள், அதாவது மண் துகள்கள், ஒன்றன்மேல் ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளிகள்தான் சுமக்கின்றன. இப்போது நிலத்தடி நீர்மட்டம் தரைவரை உயர்ந்துவிட்டதாகக் கொள்வோம். மணிகளுக்கிடையிலுள்ள நீரின் அழுத்தம் அதே ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோநியூட்டன். சுமையில் சரிபாதியை நீர் தன் தோளில் வாங்கிக்கொண்டது. மணிகளுக்கு மிஞ்சியது 100 மட்டுமே. ஒரு சதுர மீட்டரில் விழும் சுமையைத் தகைவு என்பார்கள். இந்த மிச்சத்துக்குப் பயனுறு தகைவு என்று பெயர். உராய்வு என்பது மணி மணியை அழுத்துவதால் பிறப்பது. நீருக்கு உராய்வு கிடையாது. எனவே நீர் சுமக்கும் பங்கு அதிகமாக அதிகமாக மண்ணின் பிடிமானம் குறைகிறது. மொத்தத் தகைவிலிருந்து நீரழுத்தத்தைக் கழிப்பதுதான் கணக்கு. டெர்சாகி 1920-களில் வகுத்த இந்தக் கழித்தலை நான் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அதன் எளிமை இன்னும் வியப்பளிக்கிறது.

இந்தக் கணக்கு ஒரு புதிரையும் விடுவிக்கிறது. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலடியில் சுமார் 400 வளிமண்டல அழுத்தம் இருந்தும், அங்குள்ள சேறு ஏன் களிம்பைப் போல மென்மையாக இருக்கிறது? மேலிருந்து அழுத்தும் அதே நீர்தான் மணிகளுக்கிடையிலும் இருந்து அதே அளவு எதிர்த்துத் தள்ளுகிறது. கழித்துப் பார்த்தால் மணிகளின் பங்குக்குக் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சுவதில்லை.

மலைச்சரிவில் நிலைமை இன்னும் மோசம். கீழ்நோக்கி இழுக்கும் விசை மண்ணின் எடையோடு நீரின் எடையையும் சேர்த்துக்கொள்ள, தடுக்கும் உராய்வோ பாதியாகிவிடுகிறது. ஒட்டும் தன்மையற்ற மணல் அடுக்கு உலர்ந்த நிலையில் 32 பாகைச் சரிவுவரை நிற்கும் என்றால், நீர் தரைமட்டம்வரை நிறைந்து சரிவுக்கு இணையாகக் கசியும்போது அதே மணல் ஏறத்தாழ 17 பாகையிலேயே நழுவத் தொடங்கும்.

நம்ப மறுப்பவர்களுக்காக ஓர் அழகிய சோதனை இருக்கிறது. அமெரிக்க அறிஞர்கள் கிங் ஹப்பர்ட்டும் வில்லியம் ரூபியும், பல கிலோமீட்டர் தடிமனான பாறைப் படலங்கள் நொறுங்காமல் நெடுந்தொலைவு நகர்ந்தது எப்படி என்பதை 1959-இல் விளக்கியபோது இதைச் சேர்த்துச் சொன்னார்கள். காலியான பான டப்பா ஒன்றைக் குளிரவைத்து, திறந்த வாய் கீழே இருக்கும்படி, நனைத்த கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வையுங்கள். பலகையை ஒரே ஒரு பாகை சாய்த்தால் போதும். முதலில் டப்பா அசையாது. உள்ளிருக்கும் குளிர்ந்த காற்று அறையின் வெப்பத்தில் விரிந்து அழுத்தம் கூடியதும், தட்டுத் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். பலகையின் விளிம்பைத் தாண்டியவுடன் காற்று வெளியேறிவிட, சட்டென்று நின்றுவிடும். கண்ணாடி தொடக்கத்திலிருந்தே நனைந்துதான் இருந்தது. மாறியது அழுத்தம் மட்டுமே.

மழை நின்று வெயில் அடித்த பிறகும் சில சரிவுகள் நகர்வதைச் சிலர் மலையின் சாபம் என்கிறார்கள். நீர் களிமண்ணுக்குள் ஊர்ந்து செல்ல நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். அடுக்கின் தடிமன் இரண்டு மடங்கானால் அழுத்தம் பரவ ஆகும் நேரம் நான்கு மடங்காகும். எனவே ஆழமான சரிவுக்கு நேற்றைய வெயிலைவிடப் போன வாரத்து மழையே முக்கியம்.

பாறைக்கும் இதே கணக்குதான் பொருந்தும். மணிகளின் இடத்தில் விரிசல்களை வைத்துக்கொள்ள வேண்டும். 1959 டிசம்பர் 2 அன்று பிரான்சின் மால்பாசே அணை உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடது கரைப் பாறையின் விரிசல்களில் சேர்ந்த நீரழுத்தம் அந்தப் பாறையையே பெயர்த்துவிட்டது. 1963 அக்டோபர் 9 இரவு இத்தாலியின் வயோந்த் நீர்த்தேக்கத்துக்குள் டோக் மலையின் பக்கவாட்டிலிருந்து சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரே வீச்சில் இறங்கியது. 260 மீட்டருக்கும் உயரமான அந்த அணை ஏறக்குறைய முழுதாக நின்றது. அதைத் தாண்டி எழுந்த அலையால் கிட்டத்தட்ட 2000 பேர் மாண்டனர். அந்தச் சரிவு மூன்று ஆண்டுகளாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நீர்த்தேக்கத்தின் மட்டத்தை ஏற்றி இறக்கி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். அடியிலிருந்த களிமண் அடுக்கைச் சுற்றி நீரழுத்தம் எவ்வளவு என்பதை அளக்கப் போதுமான கருவிகளை அவர்கள் வைத்திருக்கவில்லை.

இங்கே என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு சாதாரணக் கருவி. அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது. தடுப்புச் சுவர் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதற்குப் பணம் கிடைக்கிறது. சரிவுக்குள் துளையிட்டுச் சற்றே சாய்வாக வடிகுழாய்கள் செருகினால், சுவரைவிடக் குறைந்த செலவில் நோயின் காரணமே வடிந்துவிடும் இடங்கள் ஏராளம். ஆனால் எத்தனை குழாய், எவ்வளவு ஆழத்தில் என்று தீர்மானிக்க அந்தப் புதைந்த கருவியின் அளவீடுகள் பல மழைக்காலங்களுக்குத் தேவை. ஆய்வு நிதியோ பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கேள்வி கேட்ட வாசகருக்கு: விரைவில் ஆய்வகத்தில் மூவச்சுச் சோதனை செய்வீர்கள். ரப்பர் உறைக்குள் வைத்த மென்மையான களிமண் உருளையை நீர் வெளியேறும் குழாயைத் திறந்துவைத்து மிக மெதுவாக ஒருமுறை நசுக்குங்கள். அதே போன்ற இன்னொன்றைக் குழாயை மூடிவைத்து நசுக்குங்கள். இரண்டும் ஒரே மண், தொடக்கத்தில் ஒரே ஈரம். மூடிய குழாய் உள்ளது முன்னதைவிடக் குறைந்த விசையிலேயே தளர்ந்துவிடும். அப்போது பக்கத்திலிருக்கும் அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.