பாட்காஸ்டுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ்: பெட்டியில் பெரிதாக அச்சிடாத எண்

எடிட்டிங்குக்கு என்னிடம் வரும் பாட்காஸ்ட்களில் அடிக்கடி கேட்கும் புகார், பேச்சுக்கு அடியில் ஓடும் 'ஸ்ஸ்' இரைச்சல். "மைக் நல்ல மைக்தான் சார், இன்டர்ஃபேஸும் புதுசு. அப்புறம் ஏன் இப்படி?" என்பார்கள். (இன்டர்ஃபேஸ் என்பது மைக்கின் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் பெட்டி.) செட்டப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால், பெரும்பாலும் கெயின் குமிழ், அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் குமிழ், கடைசி வரை திருகப்பட்டிருக்கும். அப்படித் திருகினால் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். பெட்டியில் பெரிதாக அச்சிடாத எண், இன்டர்ஃபேஸ் தரும் இந்தக் கெயின்தான்.

யூடியூப் பாட்காஸ்ட்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் ஷூர் எஸ்எம்7பி மைக்கையே எடுத்துக்கொள்வோம். அது டைனமிக் மைக். அதிலிருந்து வரும் சிக்னல் மிகச் சன்னமானது. குறைந்தது 60 டெசிபல் கெயின் தரும் ப்ரீஆம்ப் (இன்டர்ஃபேஸுக்குள் சிக்னலைப் பெருக்கும் பகுதி) வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் கிடைப்பது 56. நான்காம் தலைமுறையில் 69. பெயரும் ஒன்று, சிவப்புப் பெட்டியும் ஒன்று; தள்ளுபடியில் பழைய ஸ்டாக்கை வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 'கிளவுட்லிஃப்டர்' மாதிரி ஒரு பூஸ்டரை நடுவில் போட்டால் 25 டெசிபல் வரை கூடும்தான். ஆனால் அதற்குத் தனிச் செலவு, இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் பான்டம் பவரும் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். அதனால்தான் மைக்கை முடிவு செய்த பிறகே இன்டர்ஃபேஸைத் தேடச் சொல்கிறேன்.

கண்டென்சர் மைக்குக்கு இவ்வளவு கெயின் தேவைப்படாது, பான்டம் பவர் இருந்தால் போதும். ஆனால் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள நம் வீட்டு அறைகளில் அது சீலிங் ஃபேன், பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும். அறையைச் சரி செய்ய முடியாதவர்களுக்கு என் ஓட்டு டைனமிக் மைக்குக்குத்தான், வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில்.

கைதட்டல், சிரிப்புச் சத்தத்துக்குப் பட்டன் வைத்த மலிவான 'லைவ் கார்டு'களை விட்டுவிடுங்கள்.

அடுத்து, எத்தனை பேர் பேசப் போகிறீர்கள்? ஸ்கார்லெட் சோலோவில் இரண்டு இன்புட் உண்டு. ஆனால் மைக்குக்கு ஒன்றுதான். இன்னொன்று கிடார் மாதிரி வாத்தியங்களுக்கு. அதை வாங்கிவிட்டு இரண்டாவது மைக்கை எங்கே செருகுவது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பேர் என்றால் இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி பிளக்) மைக் இன்புட் வேண்டும், ஒவ்வொருவரையும் தனி மோனோ டிராக்கில் பதிய வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்டீரியோ ஃபைலில் பதிந்து அப்படியே வெளியிட்டால், ஒருவர் குரல் இடது காதிலும் மற்றவர் குரல் வலது காதிலும் போய் நிற்கும். பஸ்ஸில் ஒற்றை இயர்போனில் கேட்பவருக்குக் கேள்வி மட்டும் கேட்கும், பதில் வராது!

நான்கு பேர் என்றால் ஜூம் நிறுவனத்தின் பாட்டிராக் பி4 ரெக்கார்டர் நல்ல தேர்வு. நான்கு மைக், நான்கு ஹெட்ஃபோன், ஒவ்வொரு குரலும் எஸ்டி கார்டில் தனி டிராக்காகப் பதியும். யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போவது மட்டும் எல்லாம் கலந்த ஸ்டீரியோதான். அதனால் எடிட்டருக்கு அனுப்ப வேண்டியது கார்டில் உள்ள ஃபைல்களை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டுக்காக (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பேச்சுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். உரத்த சிரிப்பு வந்தாலும் உடையாதபடி, சாதாரணப் பேச்சின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும்.

'ம்ம்ம்' என்ற ஹம் சத்தம் வேறு கதை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு இன்டர்ஃபேஸில் இல்லை, சார்ஜர் வழி வரும் எர்த் பிரச்சினை. பேட்டரியில் ஓடவிட்டுப் பதியலாம். யூஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் லேப்டாப்பிலேயே நேராக மாட்டுங்கள். விண்டோஸ் என்றால் தயாரிப்பாளர் தரும் டிரைவரைப் போட மறக்காதீர்கள்.

வாங்கிய பிறகு, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் ஒரு சோதனை. ஃபேனை நிறுத்துங்கள். உங்கள் மைக்கை மாட்டி, வழக்கமான குரலில் பேசி, மீட்டர் மைனஸ் 12 தொடும் வரை கெயினை ஏற்றுங்கள். குமிழைத் தொடாமல் பத்து விநாடி சும்மா இருந்து அதையும் பதிந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்தப் பத்து விநாடியில் இரைச்சல் துருத்திக்கொண்டு கேட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.