52 லட்சம் எப்படி 25 லட்சம் ஆனது?

2007 ஜூலையில் இந்தியாவின் எச்.ஐ.வி. கணக்கு ஒரே அறிவிப்பில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முந்தைய அரசு மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 52 லட்சம் பேருக்குத் தொற்று இருந்தது. புதிய மதிப்பீடு சுமார் 25 லட்சம் என்றது. இடையில் புதிய மருந்து எதுவும் வந்துவிடவில்லை. யாருடைய ரத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள் என்பது மாறியிருந்தது.

1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தத் தொற்றை அளக்க, நாட்டில் அத்தனை பேரையும் பரிசோதிப்பது நடக்காத காரியம். கர்ப்பிணிகளிடம் வேறு பரிசோதனைகளுக்காக எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். அதில் மிஞ்சுவதைப் பெயர் நீக்கிச் சோதித்தால் போதும். ஆண்டுதோறும் அதே மையங்களில் இதைச் செய்தால் தொற்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மலிவான, கெட்டிக்கார வழி என்றே சொல்வேன். அந்த விகிதத்தை அப்படியே ஊர் முழுவதற்கும் பொருத்தியதில்தான் சிக்கல்.

அந்த மையங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் இருந்தன. எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், தனியார் மருத்துவர்கள் பலர் நோயாளியை அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பினார்கள். ஆகவே வெளியே இருப்பதைவிட அங்கே விகிதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் ஓர் ஆய்வுக் குழு மக்களிடமே நேரில் சென்று 12,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தது. அதன் மதிப்பீடு சுமார் 45,900 பேர். பழைய முறையோ 1,12,600 என்றது!

2005-06இல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வு, நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துச் சோதித்தது. 15 முதல் 49 வயதினரில் 0.28 சதவீதம் பேருக்குத் தொற்று. இதற்கும் ஓர் ஓட்டை உண்டு. வீட்டுக் கதவைத் தட்டும் ஆய்வில், வீட்டில் வசிக்காதவர்கள் அகப்படுவதில்லை; பாலியல் தொழிலாளர்கள் போன்ற, ஆபத்து கூடிய பிரிவினர் பலர் விடுபட்டுப்போவார்கள். அவர்களைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்தபோது விகிதம் 0.36 சதவீதமானது.

இவ்வளவு சிறிய விகிதத்தில் பரிசோதனையின் பிழையே பூதாகரமாகும். ஒரு லட்சம் பேரில் 300 பேருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்றில்லாத நூறு பேரில் ஒருவரை மட்டும் தவறாகத் ‘தொற்று உண்டு’ என்று காட்டும் சோதனை, ஏறக்குறைய 1,000 பேரைப் பொய்யாகப் பட்டியலில் சேர்த்துவிடும். உண்மையான தொற்றாளர்களைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். முதல் சோதனையில் சிக்கிய மாதிரிகளை வேறொரு வகைச் சோதனைக்கும் உட்படுத்துவது இதனால்தான்.

52 லட்சத்தையும் 25 லட்சத்தையும் அருகருகே வைத்து நோய் பாதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதனால் முந்தைய சில ஆண்டுகளுக்கும் புதிய முறையில் மறுகணக்குப் போட்டார்கள். அந்த வரிசையிலும் இறக்கம் தெரிந்தது. ஆனால் அது மெதுவான இறக்கம்.