மன்னர் குழப்பம் செய்யச் சொன்னாரா? 'ஹ்யூ அண்ட் க்ரை' பற்றி

இங்கிலாந்து வரலாறு பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் இப்படி ஒரு வரி: "திருட்டு நடந்தால் ஊர்மக்கள் கூச்சலும் குழப்பமும் எழுப்ப வேண்டும் என்று மன்னர் சட்டம் இயற்றினார்." எந்த மன்னராவது குடிமக்களைக் குழப்பம் செய்யச் சொல்லிச் சட்டம் போடுவாரா? மொழிபெயர்த்தவருக்கும் இது உறைக்கவில்லை, மெய்ப்புப் பார்த்தவருக்கும் உறைக்கவில்லை. மூலத்தில் இருந்திருக்கக்கூடியது 'ஹ்யூ அண்ட் க்ரை' என்ற தொடர், அதாவது கத்தி ஊரைத் திரட்டிக் கள்வனைத் துரத்தும் பழைய நடைமுறை. அதைக் கண்டால் 'கூச்சல் குழப்பம்' என்று எழுதிவிடுவது நம்மிடம் சம்பிரதாயமாகிவிட்டது. கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள் 'சாயலும் அழுகையும்' என்று எழுதினால் சிரித்துவிட்டுப் போகலாம், அது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். 'கூச்சல் குழப்பம்' சரிபோலத் தோன்றுவதால்தான் தொல்லை.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'ஹ்யூ' இரண்டு உண்டு. நிறம், சாயல் என்ற பொருளில் வருவது பழைய ஆங்கிலச் சொல். முதலில் அதற்கு உருவம், தோற்றம் என்று பொருள். நம் தொடரில் வருவது அதற்கு உறவே இல்லாத இன்னொன்று. 'கத்து' என்னும் பழைய பிரெஞ்சு வினையின் வழியாக, 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர்களோடு அங்கே வந்தது. அடிப்படையில் ஒலிக்குறிப்புதான், நம் 'கூ'வைப் போல. வினைச்சொல்லாக அது ஆங்கிலத்தில் எப்போதோ செத்துவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் கடற்கரையில் மட்டும் ஒரு தொழிற்பெயரில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. பாறை முனையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்து, மத்தி மீன் கூட்டம் கரைப்பக்கம் வருவது தெரிந்ததும் 'ஹெவ்வா' என்று கத்தி ஊரைக் கிளப்பிவிடும் ஆளுக்கு அங்கே 'ஹ்யூவர்' என்று பெயர். நியூகீ ஊரில் அவர் நின்ற வெள்ளைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அந்த ஆள் கத்தியதும் ஊர் படகை எடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'க்ரை'யும் பிரெஞ்சு வழி வந்ததே. அதற்கு மேலே லத்தீனில் 'குயிரிட்டாரே' என்று ஒரு வினை. ரோமானியக் குடிமக்களுக்குக் 'குயிரிட்டெஸ்' என்று பெயர், அவர்களைத் துணைக்கு அழைத்துக் கத்துவதுதான் அந்த வினை என்று கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதிவைத்தார். இதுவும் வெறும் ஒலிக்குறிப்புதான், வார்ரோ சொல்வது பின்னால் கட்டிய கதை என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் ரோமானியர்கள் அந்தச் சொல்லை அப்படித்தான் கேட்டார்கள்: குடிமக்களே, ஓடி வாருங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். நார்மானியர்கள் வருவதற்கு முன்பே இந்த வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. கூக்குரலுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்ரேயம்' என்று ஒரு சொல். அதைக் கேட்டும் கேட்காததுபோல் உட்கார்ந்திருப்பவன் மன்னருக்குத் தண்டம் கட்ட வேண்டும் என்கிறது 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட கன்யூட் மன்னரின் சட்டம். 1285இல் முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த வின்செஸ்டர் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. இரவுக் காவலர்கள் வழிப்போக்கரை நிறுத்தும்போது அவன் பிடிகொடுக்காமல் ஓடினால் கூக்குரல் எழுப்ப வேண்டும். ஊர் விட்டு ஊர் அந்தக் குரலைக் கடத்தித் துரத்த வேண்டும். 15 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் வசதிக்குத் தகுந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும். கொள்ளை நடந்து குறித்த காலத்துக்குள் கள்வனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த வட்டாரமே இழப்பீடு தர வேண்டும். பெருவழியின் இரு பக்கமும் இருநூறு இருநூறு அடிக்குப் புதரை வெட்டிவிடச் சொன்னதும் இதே சட்டம்தான், கள்வன் ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது என்பதற்காக.

18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன், கொம்பாலும் குரலாலும் குற்றவாளிகளைத் துரத்தும் பழைய நடைமுறை என்று இதற்கு இலக்கணம் சொன்னார். காரணமில்லாமல் கூக்குரல் எழுப்பினாலும் தண்டம் உண்டு. 1827இல் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் தேடப்படும் குற்றவாளிகளின் அங்க அடையாளங்களை அச்சிட்டு அனுப்பிய இதழுக்கு இந்தத் தொடரே பெயராகிவிட்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள், இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? யார் கத்த வேண்டும், யார் ஓடி வர வேண்டும், எதுவரை துரத்த வேண்டும், வராவிட்டால் என்ன, பொய்யாகக் கத்தினால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருந்தது. காவல்துறை என்று ஒன்று இல்லாத காலத்தில் அவசர அழைப்பு, வயர்லெஸ், ரோந்து எல்லாம் இந்தக் கூக்குரல்தான். அதைக் குழப்பம் என்று எழுதுவது பாதிப் பிழை அல்ல, நேர் எதிர்ப்பொருள்.

'கூச்சல் குழப்பம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று ஊகிப்பது கடினமில்லை. மூலத்தில் 'அண்ட்' போட்டு இரண்டு சொல் இருக்கிறது, நம்மிடமும் ககர மோனையோடு ஓர் இரட்டை இருக்கிறது, தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரட்டைச் சொல் என்றால் ஒரு சபலம். ஆனால் மூலத்தின் இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். சட்ட மொழியில் ஒன்றையே இரண்டாகச் சொல்வது அவர்கள் வழக்கம். கத்து, கூப்பிடு. அவ்வளவே. நம் இரட்டையில் இரண்டாம் சொல் வேறொரு பொருளை உள்ளே இழுத்து வருகிறது. சட்டமன்றத்தில் மைக்கைப் பிடுங்கி எறிந்தால் அது கூச்சல் குழப்பம். பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்கு முண்டியடித்தால் அது கூச்சல் குழப்பம். நல்ல தொடர்தான், அதன் இடத்தில் இருக்கட்டும்.

'களேபரம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு வடமொழியில் உடல் என்று பொருள். தமிழில் பிணம் என்ற பொருளும் ஏறி, அப்புறம் அமளி ஆனது. அது தனிக் கதை. 'ஆர்ப்பாட்டம்' இன்னும் மோசம். காவல்துறை அனுமதி வாங்கி, பந்தல் போட்டு, தலைவர் கண்டன உரை ஆற்றுவதற்கு அந்தச் சொல்லை நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். திரும்ப வாங்க முடியாது.

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் 'பூசல்' என்கிறார். இதை அப்படித் தள்ளிவிட முடியாது. தொல்காப்பியர் வெட்சித்திணையின் துறைகளை அடுக்கும்போது 'ஊர்கொலை ஆகோள் பூசல் மாற்றே' என்கிறார். ஆநிரையைக் கவர்ந்துகொண்டு போகிறார்கள், பறிகொடுத்தவர்கள் ஆரவாரத்தோடு மீட்கத் துரத்தி வருகிறார்கள், கவர்ந்தவர்கள் அந்தப் பூசலை மாற்றுகிறார்கள். மாடு களவுபோனதும் ஊரே திரண்டு பின்தொடர்வது வின்செஸ்டர் சட்டம் சொல்லும் காட்சியேதான், போர் இலக்கணமாகச் சொல்லியிருப்பது ஒன்றுதான் வேறுபாடு. வள்ளுவரும் 'வாடுதோட் பூசல் உரைத்து' என்று, தோள்கள் மெலிந்து எழுப்பும் முறையீட்டைப் பூசல் என்கிறார். பொருள் அத்தனை பொருத்தம். என்ன செய்வது, இன்று பூசல் என்றால் உட்கட்சிப் பூசல், கோஷ்டிப் பூசல். 'கள்வனைக் கண்டதும் பூசல் எழுப்பினர்' என்று எழுதினால், கள்வனை விட்டுவிட்டு இவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்றுதான் இன்றைய வாசகர் படிப்பார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய பொருளை அடிக்குறிப்புப் போட்டுக் காப்பாற்றும் சொல் மொழிபெயர்ப்பில் உதவாது. தூய்மை எனக்கும் பிடிக்கும். வாசகருக்குப் புரிந்த பிறகு பிடிக்கும்.

இத்தனைக்கும் சொல் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. "கத்தி ஊரைக் கூட்டாதே" என்று வீட்டில் சொல்கிறோமா இல்லையா? 'கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிவிட்டாள்' என்பது எந்தத் தெருவிலும் கேட்கும் தமிழ். குரல் எழுப்புவது, அதைக் கேட்டு ஊர் திரள்வது இரண்டும் அதில் இருக்கின்றன. 'கூப்பிடு' என்பதே 'கூ' என்னும் ஒலியிலிருந்து வந்ததுதான், கூப்பாடு அதன் பெயர்வடிவம். ஆகவே வினையாக வரும்போது 'கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டு', சட்டத்தின் பெயராக, நடைமுறையின் பெயராக வரும்போது 'ஊர்கூட்டும் கூக்குரல்' என்பது என் கட்சி. கூப்பாடு கொஞ்சம் மட்டமான சொல் என்று சிலர் மூக்கைச் சுளிக்கலாம். அப்படிச் சுளிப்பவர்களுக்காகத்தான் கூக்குரல்.

ஆங்கிலத்தில் இந்தத் தொடர் இன்று பெரும்பாலும் கேலியாக வருகிறது. விலை ஏறியதும் எதிர்க்கட்சி 'ஹ்யூ அண்ட் க்ரை' எழுப்பியது என்று ஆளுங்கட்சிக்காரர் சொல்கிறார் என்றால் கள்வனும் இல்லை, துரத்தலும் இல்லை. அங்கே ஊர்கூட்டும் கூக்குரல் பொருந்தாதுதான். அதற்கும் நம்மிடம் ஒன்று இருக்கிறது: 'குய்யோ முறையோ'. முறை என்றால் நீதி. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்று குறள் சொல்லும் அதே முறை. இது முறையோ என்று கேட்டுக் கத்துவதுதான் முறையோ, அதிலிருந்துதான் முறையிடுதல். நீதி கேட்டு எழுந்த குரல் காலப்போக்கில் கேலிக்கு உரியதாகிவிட்டது இரண்டு மொழியிலும் ஒன்றுபோல நடந்திருக்கிறது. "குய்யோ முறையோ என்று கத்துகிறார்கள்" என்று எழுதினால் ஆளுங்கட்சிக்காரரின் உதட்டுச் சுழிப்புகூட அப்படியே வந்துவிடும். இவ்வளவு பொருத்தமாக ஒன்று கையில் இருக்க, யாரும் எடுப்பதில்லை. கொச்சையாம்.

நம் நாட்டுச் சட்ட உலகத்தில் இந்தத் தொடர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத் தீர்ப்புகளில் சாட்சிகள் எல்லாம் 'ஹ்யூ அண்ட் க்ரை' கேட்டுத்தான் ஓடி வருவார்கள். அதன் மூலத் தமிழைக் காவல் நிலையத்து எழுத்தர் "சத்தம் போட்டேன், அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர்" என்று எழுதியிருப்பார். நல்ல தமிழ். அது ஆங்கிலமாகி, மறுபடி நாளிதழுக்காகத் தமிழாகும்போதுதான் கூச்சல் குழப்பமாகிவிடுகிறது.

சத்தம் போட்டாயா என்ற கேள்விக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. வன்புணர்வுக்கு ஆளான பெண் உடனே கூக்குரல் எழுப்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது இடைக்கால இங்கிலாந்துச் சட்டம். காவல் நிலையத்திலேயே நடந்த ஒரு வன்புணர்வு வழக்கில், உதவி கேட்டுக் கத்துவதுதானே இயல்பு என்று 1978இல் நம் உச்ச நீதிமன்றமும் கேட்டது. காவலர்கள் இருவரும் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்புக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் பயன்தான் 1983இன் சட்டத் திருத்தம். இந்த இடத்தில் 'கூச்சல் குழப்பம்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். அந்தப் பெண் குழப்பம் விளைவிக்கவில்லை என்றா நீதிமன்றம் குறை சொன்னது?

'க்ரை'யைத் தனியே பார்த்தாலும் இதே அலட்சியம்தான். அந்தச் சொல்லுக்குக் கண்ணீர் விடுதல் என்ற பொருள் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பும் பின்பும் அது கத்துவதற்கும் கூவுவதற்கும் உரிய சொல். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துப் போடுகிறவர்களால், நம் கதை மொழிபெயர்ப்புகளில் தளபதிகள் "முன்னேறுங்கள்!" என்று அழுகிறார்கள். மாலுமி "கரை தெரிகிறது!" என்று அழுகிறான். படங்களின் வசன வரிகளில், தீப்பிடித்ததைக் கண்டவர் எச்சரிக்கை செய்யாமல் அழுதுகொண்டிருக்கிறார். மீன்காரி தெருவில் கூவி விற்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அவளையும் ஒருநாள் அழவைத்துவிடுவார்கள்.

வெகுதூரம், எட்டாத தொலைவு என்று பொருள்படும் 'எ ஃபார் க்ரை' என்ற மரபுத்தொடரும் தப்பவில்லை. 'தூரத்து அழுகை' என்று அதை ஒருவர் ஆக்கியிருந்ததைப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் கேம்பெல் குலத்தாரிடம் ஒரு பேச்சு உண்டு, லோக் ஆ ஏரிக்கு வெகுதூரம் கூப்பிட வேண்டும் என்று. எதிரி தங்கள் கோட்டையை எட்ட முடியாது என்று பெருமையடிப்பது. குரல் எட்டும் அளவால் தூரத்தைச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? கூப்பிடு தூரம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோம். "அதெல்லாம் கூப்பிடு தூரத்தில் இல்லை" என்று எழுதினால் பாதி இடங்களில் ஆங்கிலத் தொடரின் பொருள் முழுசாக வந்துவிடும். மீதி இடங்களில் 'எங்கேயோ இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போகலாம்.